பனிமூட்டக் காலைக்கு ஒரே லென்ஸ்: கேனான் 70-200 எஃப்/4 எல் ஐஎஸ்

குளிர்காலப் பனிமூட்டத்தில் நிலக்காட்சி எடுக்கக் கிளம்பும்போது பெரும்பாலானோர் முதலில் பையில் போடுவது அகலக்கோண லென்ஸ். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பேன். ஒரே லென்ஸோடு போக வேண்டும் என்றால் நான் எடுத்துச் செல்வது கேனான் இஎஃப் 70-200 மி.மீ. எஃப்/4 எல் ஐஎஸ் யுஎஸ்எம். 70-200 என்பது குவியத்தூரம், எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும். எஃப்/4 என்பது லென்ஸ் அதிகபட்சம் திறக்கும் அளவு, இந்த எண் கூடினால் திறப்பு சுருங்கும். 2006-இல் வந்த லென்ஸ். 2018-இல் இதன் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, அதற்கப்புறம் மிரர்லெஸ் கேமராக்களுக்கென்று ஆர்எஃப் வரிசையும் வந்துவிட்டது, ஆகவே இதைப் பற்றி இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பனி இறங்கிய காலையில் ஒரு லென்ஸிடம் என்னென்ன எதிர்பார்க்கிறேனோ அவை கிட்டத்தட்ட எல்லாமே இதில் இருக்கின்றன. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் அகலக்கோணம் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பனிக்குள் நின்று 20 மி.மீ.இல் பார்த்தால் ஃபிரேமில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை வானம், கீழே ஈரப்புல், நடுவில் தீக்குச்சி அளவுக்கு ஒரு மரவரிசை. கண்ணால் பார்க்கும்போது நம்மை நிறுத்தி வைத்த விஷயம் அந்த மரவரிசைதான், அதுவே படத்தில் காணாமல் போய்விடுகிறது. பனியில் பொருள்களின் மாறுபாடு, அதாவது கான்ட்ராஸ்ட், தூரம் கூடக் கூட மிக வேகமாகக் குறைகிறது. பார்வை எட்டும் தூரம் 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டரில் நிற்கும் மரத்துக்கு அதன் இயல்பான கான்ட்ராஸ்டில் சுமார் 38 சதவீதம் மிஞ்சும், 200 மீட்டரில் 14, 300 மீட்டரில் 5 தான். முதல் மரம் கரும்சாம்பல், இரண்டாவது வெளிர்சாம்பல், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று தோன்றும் அளவுக்கு ஒரு கோடு. பனிப்படத்தின் அழகு முழுக்க இந்த அடுக்குகளில்தான் இருக்கிறது, அவை இருப்பதோ ஐம்பது மீட்டரிலிருந்து முந்நூறு மீட்டர் வரைக்குமான ஒரு மெல்லிய பட்டைக்குள். அந்தப் பட்டையை மட்டும் வெட்டி எடுத்து ஃபிரேமை நிரப்புவதற்கு 70 மி.மீ.இலிருந்து 200 மி.மீ. வரைக்குமான குவியத்தூரம் மிகச் சரியாகப் பொருந்துகிறது. 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் கொண்ட முழு ஃபிரேம் கேமராவில் மூலைவிட்டக் கோணம் 34 டிகிரியிலிருந்து 12 டிகிரி வரை. அதற்கு மேல் 400 மி.மீ. எல்லாம் வைத்துப் பார்த்தால் இடையில் இருக்கும் பனியைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருப்போம்.

பனி எப்போது வரும், எப்போது போகும் என்பதும் லென்ஸ் தேர்வோடு சேர்ந்த விஷயம். குளிர்காலத்தில் நிலத்தை ஒட்டிப் படியும் பனிமூட்டம் பெரும்பாலும் தெளிந்த வானம், காற்றில்லாத நீண்ட இரவு, தரையில் ஈரம் என்ற மூன்றும் கூடும்போது உண்டாகிறது. தரை தன் வெப்பத்தை இரவெல்லாம் வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து பனிநிலைக்கு வந்ததும் ஈரம் நுண்துளிகளாகிறது. விடிந்ததும் உடனே கலையாது, சில நாள் சூரியன் எழுந்த கையோடு இன்னும் கொஞ்சம் கெட்டியாகும், பிறகு தரை சூடேற ஆரம்பித்ததும் அடியிலிருந்து மெலிந்து மேலே எழும். அந்த மெலியும் நேரம்தான் பொன்னான நேரம். ஒரு நிமிடத்துக்கு முன் இல்லாத மரம் திடீரென்று நிற்கும், இருந்த வேலி மறைந்துவிடும். அப்போது 85 மி.மீ. லென்ஸைக் கழற்றி 135 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு இருக்க நேரமில்லை. அதோடு ஈரக்காற்றில் லென்ஸை மாற்றினால் கேமராவுக்குள் ஈரம் போகும். ஜூமை ஒரு திருகு திருகி 90-லிருந்து 180-க்குப் போய்விட முடிகிற வசதி வேறு எந்த நாளையும்விட இந்த நாளில்தான் அதிகமாகத் தேவைப்படுகிறது.

இந்த லென்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது ஒளிக்கண்ணாடிகளின் தரம். உள்ளே 15 தொகுதிகளில் 20 கண்ணாடிகள், அவற்றில் ஒன்று ஃப்ளோரைட், இரண்டு யுடி, அதாவது நிறச்சிதறல் குறைந்த சிறப்புக் கண்ணாடி. ஃப்ளோரைட் என்பது செயற்கையாக வளர்க்கப்படும் கால்சியம் ஃப்ளோரைடு படிகம், நிறங்களைச் சாதாரணக் கண்ணாடி அளவுக்குப் பிரித்துவிடாது. கேனான் 1969-இல் எஃப்எல்-எஃப் 300 மி.மீ. எஃப்/5.6 லென்ஸிலேயே இதைப் பயன்படுத்தியிருக்கிறது, ஆக இது நேற்று வந்த வித்தை கிடையாது. பனிப்படத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், வெள்ளைப் பின்னணியில் கருப்பான மெல்லிய கிளைகள் என்பது எந்த லென்ஸுக்குமே கடினமான சோதனை. நிறப்பிறழ்வு உள்ள லென்ஸில் ஒவ்வொரு கிளையின் ஓரத்திலும் ஊதாவோ பச்சையோ ஒரு விளிம்பு ஒட்டிக்கொள்ளும். படம் முழுக்கவே நிறமில்லாமல் சாம்பலாக இருக்கும்போது அந்த மெல்லிய ஊதாக் கோடு கண்ணைக் குத்தும். இந்த லென்ஸில் இலை உதிர்ந்த மரத்தின் உச்சிக் கிளைகளை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. மென்பொருளில் சரிசெய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இது ஒன்றுக்காகவே பனிக்கு இந்த லென்ஸைப் பரிந்துரைப்பேன்.

அடுத்தது எதிர்வெளிச்சம். பனிக்குப் பின்னால் சூரியன் வட்டமாக, மங்கலாக எழும் அந்த நேரத்தில் லென்ஸை நேராக அதை நோக்கித் திருப்பாமல் இருக்க யாராலும் முடியாது. அப்போது லென்ஸுக்குள் சிதறும் ஒளி பனியோடு சேர்ந்து, ஏற்கெனவே குறைவாக இருக்கிற கான்ட்ராஸ்டை இன்னும் தின்றுவிடும். இத்தனை கண்ணாடிகள் இருக்கும் ஜூம் லென்ஸுக்கு இது நன்றாகவே தாங்குகிறது. ஆனால் முன்னால் ஒரு மட்டமான பாதுகாப்பு ஃபில்டர் இருந்தால் கதை மாறிவிடும், சூரியன் ஃபிரேமில் இருக்கும்போது அதைக் கழற்றிவிடுவது நல்லது. ஹூட் எப்போதும் மாட்டியே இருக்கட்டும். வெளிச்சத்தைத் தடுப்பது ஒரு பக்கம் இருக்க, முன்கண்ணாடியில் பனித்துளி படிவதையும் அது தாமதப்படுத்துகிறது. அப்படியும் படியும். மைக்ரோஃபைபர் துணி ஒன்றைச் சட்டைக்குள்ளே காய்ந்தபடி வைத்துக்கொண்டு சில ஃபிரேம்களுக்கு ஒருமுறை முன்கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கண்ணாடி மேல் படிந்த பனியும் வெளியே நிற்கும் பனியும் கேமராவின் சின்னத் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஃபோகஸ் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், பனியில் பலரும் திணறுவது இங்கேதான். வளைய வகை யுஎஸ்எம் மோட்டார் வேகமானது, சத்தமில்லாதது, ஆட்டோ ஃபோகஸில் இருக்கும்போதே கையால் திருத்தவும் விடும். ஆனால் எந்த ஆட்டோ ஃபோகஸுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கான்ட்ராஸ்ட் வேண்டும். வெறும் பனியை நோக்கிக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி, 3 மீட்டரிலிருந்து முடிவிலி என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதை 3 மீட்டரில் வைத்தால் தேடும் தூரம் குறையும். ஃபோகஸ் புள்ளியை மரத்தின் நடுவில் வைக்காமல் அடிமரம் பனியைச் சந்திக்கும் ஓரத்தில் வையுங்கள், அங்கேதான் கோடு இருக்கிறது. அதுவும் பிடிக்கவில்லையா, கேமராத் திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் திருப்புங்கள். ஃபோகஸ் வளையம் அகலமானது, கையுறையோடும் மெதுவாக நகர்த்த முடிகிறது.

சரி, எதன் மேல் ஃபோகஸ் செய்வது? தெளிவான நாளில் ஹைப்பர்ஃபோகல் கணக்குப் போடுவோம், அதாவது எந்தத் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் முடிவிலி வரை கூர்மையாக இருக்கும் என்ற கணக்கு. 200 மி.மீ.இல் எஃப்/8-க்கு அது சுமார் 167 மீட்டர், 100 மி.மீ.இல் சுமார் 42 மீட்டர். 200-இல் முப்பது மீட்டர் தூரத்து மரத்தின் மேல் ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய 25 மீட்டரிலிருந்து 37 மீட்டர் வரைதான் கூர்மையாக இருக்கும். தெளிந்த நாளில் இது போதாது. பனியில் தாராளமாகப் போதும். பின்னால் இருக்கும் மரங்களைப் பனியே கரைத்துவிடுவதால் அவை கொஞ்சம் ஃபோகஸ் விலகியிருப்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் முன்னால் நிற்கும் கருமையான மரம் மங்கினால் படம் முழுவதும் மங்கியதாகத் தோன்றும். அதனால் ஃபிரேமில் மிக அருகில், மிகக் கருப்பாக எது இருக்கிறதோ அதன் மேல் வையுங்கள். எஃப்/16, எஃப்/22 என்று மூட வேண்டிய அவசியமும் அதோடு போய்விடுகிறது, அங்கே போனால் ஒளி விளிம்புகளில் வளைவதால் கூர்மை குறையும் என்பது ஒன்று, சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் வெள்ளைப் பனியில் புள்ளி புள்ளியாக எழுந்து நிற்கும் என்பது இன்னொன்று. நீல வானத்தில்கூட இவ்வளவு தெரியாது. எஃப்/8 போதும்.

இதே வெள்ளைப் பரப்பு இந்த லென்ஸின் ஒரு குறையையும் காட்டிக்கொடுக்கிறது. 200 மி.மீ.இல் எஃப்/4-க்குத் திறந்து வைத்தால் மூலைகள் இருளும். உருவப்படத்திலோ காட்டுப் படத்திலோ யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒரே சீரான பனியில் மட்டும் நான்கு மூலையும் அழுக்கானது போலத் தெரியும். எஃப்/5.6-இல் நிறையக் குறைகிறது, எஃப்/8-இல் கவலைப்பட ஒன்றும் இல்லை. எஃப்/4-இல் எடுத்தே ஆக வேண்டிய படத்துக்கு ரா ஃபைலை, அதாவது சென்சார் பதிந்த மூலத்தரவை, திறக்கும் மென்பொருளில் அந்த லென்ஸின் குறைகளைத் திருத்தும் லென்ஸ் புரொஃபைலை இயக்கிவிட்டால் முடிந்தது.

அப்புறம் ஐஎஸ், அதாவது கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி. நான்கு ஸ்டாப் என்று கேனான் சொல்கிறது, ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது. 200 மி.மீ.க்குக் கையில் பிடித்தால் 1/200 நொடி வேண்டும் என்ற பழைய விதிப்படி பார்த்தால் சுமார் 1/13 நொடி வரை இறங்கலாம். குளிரில் விறைத்த கையோடு நிற்கும்போது அவ்வளவு தூரம் நம்ப மாட்டேன், 1/30 வரை நிம்மதியாக எடுக்கலாம். விடியலுக்கு முந்தைய மங்கல் வெளிச்சத்தில் இதன் பயன் பெரியது, சென்சாரின் உணர்திறனான ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டாமல் கையிலேயே பிடித்து நடந்துகொண்டே எடுக்க முடிகிறது. ஐஎஸ் கையின் அசைவைத்தான் நிறுத்தும், கிளையின் அசைவை நிறுத்தாது என்று சொல்வது வழக்கம். தரையோரப் பனிக்கே காற்றில்லாத காலை வேண்டும் என்பதால் கிளையும் அசையாமல்தான் நிற்கும், ஆகவே பனி நாளில் ஐஎஸ் தன் முழு மதிப்பையும் தருகிறது. ஐஎஸ் இயங்கும்போது காதை வைத்தால் கேட்கும் அளவுக்கு மெல்லிய இரைச்சல் இருக்கும், அது பழுது அல்ல. டிரைபாடில் மாட்டும்போது அதை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

டிரைபாட் என்றதும் சொல்ல வேண்டியது, டிரைபாட் வளையம் இந்த லென்ஸோடு வராது, தனியாக வாங்க வேண்டும். 760 கிராம் எடையும் 17 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் உள்ள லென்ஸைக் கேமராவின் அடித்தட்டில் மட்டும் பிடித்து நிறுத்தினால் மூக்கு கனத்துத் தொங்கும், நெட்டுவாக்கில் திருப்பினால் இன்னும் மோசம். மெல்லிய தலை கொண்ட டிரைபாடில் ஃபிரேமை வைத்துக் கையை எடுத்தவுடன் அது ஒரு மில்லிமீட்டர் இறங்கும், 200-இல் அந்த ஒரு மில்லிமீட்டர் மரத்தின் உச்சியை வெட்டிவிடும். பனியில் ஒரே ஃபிரேமை வைத்துக்கொண்டு பனி விலகும் வரை காத்திருப்பது அடிக்கடி நடக்கும் என்பதால், வளையத்தை விருப்பப் பொருளாக நினைக்காமல் லென்ஸின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஈரத்தைப் பற்றிய பயம் நியாயமானது. இந்த ஐஎஸ் பதிப்பில் தூசியும் ஈரமும் புகாமலிருக்க அடைப்புகள் உண்டு, 1999-இல் வந்த ஐஎஸ் இல்லாத 70-200 எஃப்/4-இல் அவை இல்லை. ஜூம் செய்தாலும் ஃபோகஸ் செய்தாலும் இதன் குழல் நீள்வதில்லை, எல்லா அசைவும் உள்ளேயே நடக்கிறது. வெளிப்புறம் முழுக்கப் பனித்துளி முத்து முத்தாகப் படிந்திருக்கும்போது, நீண்டு சுருங்கும் குழல் அந்த ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமோ என்ற யோசனையே வராது. அதற்காக இது தண்ணீர் புகாத லென்ஸ் ஆகிவிடாது, கேமராவிலும் அதே அடைப்பு இருந்தால்தான் பயன். உண்மையான ஆபத்து வெளியே இல்லை, திரும்பி வந்து கதகதப்பான அறைக்குள் நுழையும் போதுதான். குளிர்ந்த லென்ஸின் மேல் அறைக்காற்றின் ஈரம் சட்டென்று படியும், உள்கண்ணாடிகளிலும் படியலாம். உள்ளே வருவதற்கு முன்பே கேமராவையும் லென்ஸையும் காற்றுப்புகாத ஜிப் பையில் போட்டு மூடி, அறையின் வெப்பத்துக்கு அது வரும் வரை திறக்காமல் இருங்கள். மெமரி கார்டை முன்பே கழற்றி வைத்துக்கொண்டால் படம் பார்க்கும் ஆவலையும் தீர்த்துக்கொள்ளலாம். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும், குளிரில் லித்தியம் அயான் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

ஃபில்டர் அளவு 67 மி.மீ. போலரைசர் பனியை வெட்டும் என்று நினைத்து வாங்காதீர்கள். பனித்துளிகளுக்குள் ஒளி பலமுறை சிதறி வருவதால் அடர்ந்த பனியில் அதற்கு வேலையே இல்லை, ஒன்றோ இரண்டோ ஸ்டாப் வெளிச்சம்தான் போகும். ஈர இலையின் பளபளப்பைக் குறைக்க வேண்டுமென்றால் உதவும். வானத்தை மட்டும் இருட்டாக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரும் வேண்டாம், வானமும் தரையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும் நாள் இது.

எக்ஸ்போஷரில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், அதன் போக்கிலே விட்டால் வெண்பனி அழுக்குச் சாம்பலாக வரும். மூன்றில் இரண்டு ஸ்டாப்பிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் வரை கூட்டி, ஹிஸ்டோகிராமின், அதாவது கருமையிலிருந்து வெண்மை வரையான பரவலைக் காட்டும் வரைபடத்தின், குன்று வலப்பக்கம் நகர்ந்தும் ஓரத்தைத் தொடாமலும் இருக்குமாறு பாருங்கள். ரா ஃபைலில் எடுங்கள். பனிப்படத்தின் மொத்தத் தொனியும் ஹிஸ்டோகிராமில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும், 8 பிட் ஜேபெக்கின் 256 படிகளில் அது சுமார் 85 தான். அதை இழுத்து விரித்தால் பனியில் பட்டை பட்டையாக விழும். 14 பிட் ராவில் 16,384 படிகள் இருப்பதால் அந்தப் பிரச்சினை எழாது. அப்புறம் மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடரை இழுத்துப் பனியை விரட்டிவிடாதீர்கள், அதை எடுக்கத்தானே அந்தக் குளிரில் போனோம். அடிமரத்தின் கருமையை மட்டும் கொஞ்சம் கூட்டினாலே அடுக்குகள் தாமாகப் பிரிந்து நிற்கும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், 70-200 எஃப்/2.8 எல் ஐஎஸ் இரண்டாம் பதிப்பு 1,490 கிராம், கிட்டத்தட்ட இதன் இரு மடங்கு. எஃப்/8-இல் எடுக்கப்போகும் படத்துக்கு அந்தக் கூடுதல் திறப்பால் பயனில்லை, ஈர மண்ணில் தூரம் நடக்கிறவருக்கு எடைதான் தெரியும். எஃப்/4-இன் 2018 பதிப்பில் ஐஎஸ் ஐந்து ஸ்டாப், கிட்டத்து ஃபோகஸ் 1 மீட்டர், திறப்பு இதழ்கள் எட்டுக்குப் பதிலாக ஒன்பது, எடை 780 கிராம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் பனிப்படத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. 2020-இல் வந்த ஆர்எஃப் 70-200 எஃப்/4, 695 கிராம், மடித்தால் 12 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், பையில் வைக்க அருமை. குழல் நீள்வது, குவியத்தூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரை ஏற்காதது இரண்டும் அதில் விட்டுக்கொடுக்க வேண்டியவை. இந்தப் பழைய லென்ஸையே அடாப்டர் மூலம் கேனானின் ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் மாட்டலாம், ஆட்டோ ஃபோகஸும் ஐஎஸ்ஸும் அப்படியே வேலை செய்யும்.

பழைய லென்ஸ் சந்தையில்தான் இது கிடைக்கும் என்பதால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நான்கைந்து தூசி இருந்தால் பரவாயில்லை. பூஞ்சையின் நூல் வலையோ, உள்கண்ணாடியில் பால் படலம் போன்ற மங்கலோ தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த மங்கல் உள்ள லென்ஸ் வெயிலில் சமாளித்துவிடும், பனியில் முந்நூறு மீட்டர் தூரத்து மரத்துக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஐந்து சதவீதத்தையும் எடுத்துவிடும். ஐஎஸ்ஸை இயக்கி வியூஃபைண்டரில் காட்சி துள்ளாமல் நிற்கிறதா என்று பாருங்கள், ஜூம் வளையம் முழு தூரமும் ஒரே இறுக்கத்தில் திரும்ப வேண்டும். வெளியே வெள்ளைப் பெயிண்ட் உரிந்திருப்பதையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.